ஒரு சாண் கல்

அந்த ஜீப் எங்கள் ஊருக்குள் வந்தபோது கிரானைட்காரர்கள் வந்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் இறங்கியவர்கள் பாறைப் பக்கமே போகவில்லை. யாருடைய வரப்பிலோ நின்று, கையிலிருந்த சின்னக் கருவியைப் பார்த்து, முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, கொஞ்சம் மண்ணைத் துணிப்பையில் போட்டுக் கட்டி, மேலே எண் எழுதி எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச தூரம் தள்ளி மறுபடியும் அதே வேலை. சாயங்காலம் ஜீப் திரும்பிப் போனதும் ஊர்க்காரர்கள் அந்தக் குழிகளைப் போய்ப் பார்த்தார்கள். உள்ளே மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத குழியை எதற்குத் தோண்டினார்கள் என்பதுதான் அப்புறம் பேச்சு.

கம்பைநல்லூரிலிருந்து மொரப்பூர் போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஊர் எங்களுடையது. ராகி, கொள்ளு, மழை பெய்தால் கடலை. அதற்கு முன்பும் அளக்க வந்தவர்கள் உண்டு. சாலைக்கென்று ஒரு தடவை, குழாய் பதிக்க என்று ஒரு தடவை. இரண்டு தடவையும் முதல் நாள் "சும்மா பார்க்க வந்தோம்" என்றுதான் சொன்னார்கள். அதனால் இவர்களும் அதே வார்த்தையைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். அவர்களுக்குத் தலைமையாக வந்த ஜியாலஜிஸ்ட், பாறைகளை ஆராய்கிறவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், தெலங்கானாக்காரர். தமிழைத் தட்டித்தடவிப் பேசினார். வடக்கே கர்நாடகத்தில் தங்கம் எடுத்த பாறையைப் போல ஒரு பாறை மண்ணுக்கடியில் இந்தப் பக்கமும் ஓடலாம், தாமிரமும் சேர்ந்திருக்கலாம், இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது மட்டும்தான் தன் வேலை என்றார். இருந்தால் எங்களை எங்கே போகச் சொல்வீர்கள் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். அதை முடிவு செய்வது நானில்லை என்றார் அவர். உண்மையான பதில்தான். ஆனால் ஊரில் அந்த ஒரு பதில்தான் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் சில இருக்கின்றன. அவர் அவர்களிடம் தெலுங்கில் பேசியதும் சந்தேகம் குறையவில்லை, கூடிற்று. அவர்களிடம் மட்டும் தனியாக ஏதோ சொல்லியிருக்கிறார் என்றார்கள்.

மண்ணைச் சோதித்துவிட்டு அடுத்த கட்டமாக நான்கு இடங்களில் ஆழமாகத் துளை போட வேண்டும் என்று வந்தார்கள். அதில் ஓரிடம் என் மாமனாரின் கொல்லை, அவர் உழுது பயிர் வைக்கும் மானாவாரி நிலம். மூன்று முறை மாட்டேன் என்றார். நான்காவது முறை, மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் நானும் கூட இருப்பேன், சம்மதமா என்று கேட்டார். சம்மதம் என்றார்கள். மறுநாளிலிருந்து வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புங்கமரத்தடியில் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஞாயிறு காலை சர்ச் பூசைக்கு மட்டும் எழுந்து வருவார். பிரசங்கம் முடிவதற்குள் கால் கொல்லைப் பக்கம் இழுக்க ஆரம்பித்துவிடும்.

எனக்கு அங்கே வேலை கிடைத்தது இப்படித்தான். கையெழுத்து வாங்க வீட்டுக்கு வந்த ஜியாலஜிஸ்ட், நான் நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் பார்த்துவிட்டு என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். தர்மபுரியில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டுக் கல்யாணமாகி வந்தவள். பத்து வருடமாக அந்தப் படிப்பை யாரும் விசாரித்ததில்லை. வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமை வந்து திங்கள் காலை போவார். வேலைக்கு வருகிறாயா என்று ஜியாலஜிஸ்ட் கேட்ட உடனே சரி என்றேன். சம்பளத்துக்காக மட்டுமில்லை. உள்ளே போனால்தான் என்ன நடக்கிறதென்று தெரியும் என்ற எண்ணமும் இருந்தது. மாமனாரும் அதையே நினைத்தார் என்பது அவர் மறுப்பு சொல்லாததிலிருந்தே தெரிந்தது.

கம்பைநல்லூரில் ஒரு பழைய புளிக் குடோனை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மெஷின் பூமிக்குள்ளிருந்து எடுக்கும் கல் மணிக்கட்டுத் தடிமனில் உருண்டைத் தண்டாக வரும். அதற்குக் கோர் என்று பேர். நீளமான தட்டுப் பெட்டிகளில், எந்த ஆழத்தில் வந்ததோ அந்த வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். கழுவி, உடைந்த துண்டுகளைப் பொருத்தி, பெட்டியின் விளிம்பில் ஆழத்தை எழுதுவது எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும் ஓர் அக்காவும். பக்கத்து ஊர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் இறந்து, மகளைச் சேலத்தில் நர்சிங் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் கல்லைப் பார்க்கும் கண் அவருக்குத்தான் இருந்தது. நான்காக உடைந்து வந்த துண்டை ஈரத்தோடு கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது இதுக்கு மேல, கண்ணு" என்று வைப்பார். ஒட்ட வைத்ததுபோல் சேர்ந்துவிடும். ஜியாலஜிஸ்ட்டே சிலசமயம் அவரைக் கூப்பிட்டுக் கேட்பார். மத்தியானம் இரண்டு பேரும் சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிடுவோம். அவர் கொண்டுவரும் களியும் கீரைக் குழம்பும் எனக்குப் பிடிக்கும்.

அப்படி ஒட்டிப் பழகியவரைத்தான் நான் காட்டிக்கொடுத்தேன். காட்டிக்கொடுத்தேன் என்பதும் சரியில்லை. காட்டிக்கொடுக்க அவர் எதுவும் செய்திருக்கவில்லை.

குடோனில் எதையும் போனில் படமெடுக்கக் கூடாது. சாயங்காலம் பெட்டிகளின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கயிறு கட்டிவிடுவார்கள். ஜியாலஜிஸ்ட்டுக்குப் போன் வந்தால் வெளியே போய் வேலியோரம் நின்று தெலுங்கில் பேசுவார். எனக்குப் பாதி புரியும். புரிந்த பாதியை வைத்துக்கொண்டு புரியாத பாதியை நானே நிரப்பிக்கொள்வேன். ஊரில் பார்க்கிறவர்கள் எல்லோரும் என்ன கிடைத்தது என்று கேட்டார்கள். தெரியாது என்றால், சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களா என்று அடுத்த கேள்வி வரும். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்த ஆரம்பித்தார்கள். ஊருக்கு நான் அவர்களுடைய ஆள். அவர்களுக்கோ நான் ஊர்க்காரி.

ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் கொல்லையிலிருந்து வந்த நாற்பத்திரண்டாவது பெட்டியைக் கழுவும்போது கல்லின் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று ஓடியதைப் பார்த்தோம். அதற்குள் மஞ்சளாக மின்னிற்று. வெயிலுக்குக் கொண்டுபோனபோது இன்னும் மின்னிற்று. ஜியாலஜிஸ்ட் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்தே இருந்தார். கத்தி முனையால் கீறிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, இது தாமிரம் கலந்த கல், வேறு ஏதாவது இருக்கிறதா என்று லேப் சொன்னால்தான் தெரியும், வெளியே பேச வேண்டாம் என்றார். அக்கா தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

அன்று சாப்பிடும்போது மாமனாரிடம் சொல்லிவிட்டேன். மஞ்சளாக மின்னியதையும், ஒரு சாண் நீளத் துண்டு என்பதையும், எந்தப் பெட்டி என்பதையும் கூடச் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

புதன்கிழமை நான் எடுக்காமல் போன சாப்பாட்டோடு, கொல்லை நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு, அவரே பஸ் ஏறிக் குடோனுக்கு வந்தார். வியாழக்கிழமை நான் ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டேன். அக்கா பின்தங்கி, கொஞ்ச நேரம் கழித்து பஸ் ஸ்டாப்புக்கு வந்தார். அவருடைய ஒயர் கூடை கனத்து ஒரு பக்கமாக இழுத்தது. பஸ்ஸில் அதைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். இரண்டையும் நான் பார்த்தேன். மாமனார் வந்தது எனக்கு அன்பாகத் தெரிந்தது. அக்காவின் கூடை மட்டும் மனதில் தங்கிவிட்டது.

சனிக்கிழமை அந்தக் கல்லை நெடுக்கில் இரண்டாக அறுத்து ஒரு பாதியை லேபுக்கு அனுப்ப எடுத்தபோது, அக்காதான் முதலில் நிறுத்தினார். நாற்பத்திரண்டாம் பெட்டியில் ஒரு துண்டைத் தொட்டு, இது இந்த இடத்துக் கல் இல்லை என்றார். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. மற்ற துண்டுகளில் கோடுகள் சாய்வாக ஓடுகின்றன, இதில் நேராக நிற்கின்றன என்று விரலால் காட்டினார். பிறகுதான் வெள்ளைக் கோட்டையே காணோம் என்பது எங்களுக்கு உறைத்தது. யாரோ ஒரு சாண் கல்லை எடுத்துவிட்டு, அதே நீளத்தில் வேறொரு துண்டை வைத்திருக்கிறார்கள்.

ஜியாலஜிஸ்ட் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார். டிரைவர், மெஷினில் வேலை செய்தவர்கள், அக்கா, கடைசியில் நான். யார் மேலாவது சந்தேகமா என்றார். எனக்குள் கணக்கு ஏற்கெனவே ஓடி முடிந்திருந்தது. கல்லைப் பார்த்துப் பொருத்தத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். மாற்றி வைத்ததைக் கண்டுபிடித்ததும் அவரேதான். தன்மேல் சந்தேகம் வராமலிருக்க முந்திக்கொண்டாரோ? வியாழக்கிழமை தனியாக இருந்தார். கூடை கனத்தது. நான் அக்காதான் எடுத்தார் என்று சொல்லவில்லை. கூடையைப் பற்றி மட்டும் சொன்னேன். பார்த்ததை மட்டும்தானே சொன்னேன் என்று நீண்ட நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அக்கா வரவில்லை. வர வேண்டாம் என்று டிரைவர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சேதி ஊர்களுக்கு எப்படிப் போயிற்றோ, இரண்டே நாளில் அவர் தங்கத்தை மறைத்து வைத்திருக்கிறார் என்று பேச்சாகிவிட்டது. அவர் வீட்டுக்கு யார் யாரோ சும்மா பேசுவதுபோல் போய்ச் சுவரையும் பரணையும் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் போகவில்லை. மத்தியானம் தனியாகச் சாப்பிட்டேன். பொருந்தாத துண்டுகளை வைத்துக்கொண்டு நானே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கு வரவில்லை.

மூன்று வாரம் கழித்து என் கம்மலின் திருகு கழன்றுவிட்டது. சந்தைக்குப் போன அன்று காரிமங்கலத்தில் வழக்கமான ஆசாரி கடையில் கொடுத்தேன். வயதானவர், எங்கள் கல்யாணத் தாலி செய்தவர். திருகைப் போட்டுக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார்.

"உங்க மாமனாருக்கு இன்னும் நம்பிக்க வரலீங்களா?"

என்ன நம்பிக்கை என்றேன்.

"ஒரு சாணுக்குக் கல்லு கொண்டாந்தாருங்களே. உரசியும் பாத்துட்டேன், ஆசிடும் வுட்டுப் பாத்துட்டேன். செம்பு கலந்த கல்லுங்க, தங்கம் துளிகூட இல்லன்னேன். என் மூஞ்சியவே பாத்துட்டு எடுத்துட்டுப் போயிட்டாரு. அப்புறம் மொரப்பூர்ல ஒருத்தர்கிட்டயும் காட்டினாராம்."

கம்மலை வாங்கிக்கொண்டு எப்படி பஸ் ஏறினேன் என்று நினைவில்லை. பஸ்ஸில் ஒவ்வொன்றாகத் தெளிவாயிற்று. அந்தப் புதன்கிழமை நானும் அக்காவும் வெளியே ஜீப்பிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தோம். மாமனார் உள்ளே முக்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். கொல்லையில் மெஷின் பக்கத்தில் ஒதுக்கிப் போட்ட கோர் துண்டுகளின் குவியல் ஒன்று எப்போதும் இருக்கும். அதில் ஒரு துண்டைச் சாப்பாட்டுப் பையிலேயே போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நான் சாப்பாட்டை மறக்கவில்லை. எடுத்து வைத்த இடத்தில் பையைக் காணோம் என்றுதான் அன்று காலை விட்டுவிட்டுப் போனேன்.

வீட்டுக்குப் போனதும் கேட்டுவிட்டேன். அவர் மறுக்கவில்லை. உள்ளே போய், பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். ஒரு மூலை சில்லுப் பெயர்ந்திருந்தது.

"என் கொல்லைல எடுத்தது என்னுது. இதுல திருட்டு எங்கம்மா வந்துது?"

"அந்த அக்காவ வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க மாமா. ஊரே அவங்கள திருடின்னு பேசுது. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார். வேட்டியை மடித்துக்கொண்டே, "அந்தம்மா மேல சொன்னது நானில்லையே" என்றார்.

அவர் யாரைச் சொல்கிறார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்காரர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஆசாரி உண்மையத்தான் சொல்லியிருப்பாரா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை கல்லை எடுத்துக்கொண்டு போய் ஜியாலஜிஸ்ட்டின் மேஜைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். நான் வீட்டில் வாய் திறந்ததையும் சேர்த்துத்தான். என்னை நிறுத்திவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கல்லை எடுத்துப்போய்ப் பெட்டியில் அதன் இடத்தில் வைத்தார். சாய்ந்த கோடுகள் இரண்டு பக்கமும் சேர்ந்தன. அந்தம்மாவைப் பார்க்கப் போகலாம் என்றார்.

அக்கா வாசலில் கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. ஜியாலஜிஸ்ட் தன் உடைந்த தமிழில் மன்னிப்புக் கேட்டு, மறுநாளே வேலைக்கு வரச் சொன்னார். அக்கா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இங்க வூட்டாண்ட வேணாங்க. எங்க வச்சு என்னைய நிறுத்துனீங்களோ அங்க வச்சு சொல்லுங்க. நாளைக்கி வரேன்."

மறுநாள் வந்தார். நல்ல புடவை கட்டியிருந்தார். குடோனில் டிரைவர், மெஷின்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள் எல்லோரும் நின்றார்கள். விஷயம் தெரிந்து கேட்டுக்கு வெளியே ஊர்க்காரர்கள் சிலரும் நின்றார்கள். ஜியாலஜிஸ்ட் சொன்னார். பிறகு நான் சொன்னேன். கல் எங்கள் வீட்டில் இருந்தது, எடுத்தது என் மாமனார், அவருக்குச் சொன்னது நான், அக்காவின் கூடையைப் பற்றிச் சொன்னதும் நான். பாதியில் நிறுத்தினேன். அக்கா விடவில்லை, முடிக்கும்வரை நின்றார்.

முடித்ததும் கேட்டார்: "கூட கனமா இருக்குதே, என்னக்கான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே கண்ணு. பக்கத்து சீட்லதான உக்காந்திருந்த?"

அன்றைக்குக் கூடையில் என்னதான் இருந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை யாருக்கும் இல்லை. அவரும் சொல்லவில்லை. வேலைக்கு வர மாட்டேன் என்று மட்டும் ஜியாலஜிஸ்ட்டிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கேட்டருகே நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் யாரையும் பார்க்காமல் நடந்தார். இதை எழுதும்போதுகூட, அப்படி என்னதான் இருந்திருக்கும் என்ற யோசனை எனக்குள் வந்து போகிறது. அதை நினைத்து எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் வருகிறது.

என்னை ஜியாலஜிஸ்ட் வேலையிலிருந்து நிறுத்தவில்லை. எழுத வேறு ஆளில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வேலை முடியும் வரை நானும் போனேன். அதன்பிறகு பெட்டிகளை என் முன்னால் திறக்கும்போது இன்னொருவர் கூட நிற்பார். ஒருநாளும் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மழைக்கு முன்பே மெஷினைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பெட்டிகள் லாரியில் ஏறின. லேபில் என்ன வந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கடைசி நாளில் கேட்டதற்கு, பெரிதாக ஒன்றுமில்லை என்று ஜியாலஜிஸ்ட் சொன்னார். துளையை சிமெண்டால் மூடி, மேலே ஓர் எண்ணைப் பொறித்துவிட்டுப் போனார்கள். ஒன்றுமில்லாத துளைக்கு எதற்கு எண் என்று மாமனார் இன்னமும் கேட்கிறார். ஏர் ஓட்டும்போது அதைச் சுற்றி ஒரு பாய் அகலம் விட்டுவிட்டுத்தான் ஓட்டுகிறார். ஊரில் பாதிப் பேர் அவர் கட்சி. லாரி தர்மபுரிப் பக்கம் திரும்பாமல், கர்நாடகம் போகும் வழியான கிருஷ்ணகிரிப் பக்கம் திரும்பியதை ஒருவர் பார்த்திருக்கிறார். அது போதும் அவர்களுக்கு.

அக்கா இப்போது மொரப்பூரில் ஒரு மில்லுக்குப் போகிறார். பஸ்ஸில் பார்த்தால் தலையை அசைப்பார், பேச மாட்டார். போன மாதம் தாலுகா அலுவலகத்தில் பார்த்தேன். பட்டாவைக் கணவர் பெயரிலிருந்து தன் பெயருக்கு மாற்ற மனு எழுத வேண்டியிருந்தது. வெளியே மனு எழுதிக் கொடுப்பவர் அன்று வரவில்லை. அங்குமிங்கும் பார்த்தார். வேறு தெரிந்த முகம் இல்லை போலிருக்கிறது, என்னிடம் வந்து காகிதத்தை நீட்டினார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சர்வே எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தேன். கையெழுத்துக்கு இடம் விட்டுப் பேனாவைக் கொடுத்தேன்.

"இரு கண்ணு" என்றார். படிக்கட்டில் உட்கார்ந்து, காகிதத்தை முட்டியில் விரித்து, முதல் எழுத்திலிருந்து விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். இரண்டு பக்கம். வெயில் காலுக்கு வந்துவிட்டது. ஓரிடத்தில் நிறுத்தி, இது என்ன என்று கேட்டார். சொன்னேன். மறுபடியும் அந்த வரியை முதலிலிருந்து படித்தார். அவர் முடித்துக் கையெழுத்துப் போடும்வரை நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.